வேறு காரணம்

இயந்திரம் போன பிறகுதான் எங்கள் நேரம்.
பிராட்ஃபர்ட் சதுப்பு, ஒக்டோபர் கடைசி.
அடுப்புக்கரி நிறத்தில் மண்,
சப்பாத்தை விழுங்கிவிட்டுக்
காலை மட்டும் திருப்பித் தரும் மண்.
கோர்ணெலிஸ் முன்பே சொல்லியிருந்தார்:
திங்கள் உழவு.
ஞாயிறு கடவுளுக்கு, அதில் பேரம் இல்லை.
சனி உங்களுக்கு.

பதினெட்டுப் பேர் போனோம்
இரவல் வாங்கிய பள்ளிக்கூட பஸ்ஸில்.
கடைக்கு வேண்டியது நேரான கரட்,
ஒரு சாண் நீளம், பெருவிரல் தடிப்பு.
மற்றதெல்லாம் வயலிலேயே கிடந்தது:
முறிந்தது, வெடித்தது,
ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு பிரிய மறுத்தது,
இயந்திரத்தின் கண்ணுக்குத் தப்பி
இலையோடு நின்றது.
ஒபியாகெலி ஒன்றை உயர்த்திக் காட்டினாள்.
மூன்று கால்.
நடுக்காலைப் பார்த்து எல்லோரும் சிரித்ததில்
குளிர் கொஞ்சம் பின்வாங்கியது.

நிமிர்வதுதான் கஷ்டம் என்று
பத்து மணிக்குள் இடுப்பு சொல்லிவிட்டது.
ஆகவே குனிந்தபடியே நடந்தோம்.
தூரத்தில் நானூறாம் நெடுஞ்சாலை,
வார இறுதிக்கு வடக்கே விரைகிறவர்கள்.
பார்த்திருந்தால் நினைத்திருப்பார்கள்,
மோதிரத்தைத் தொலைத்த கல்யாண வீடு என்று.

ஐந்தரைக்கு வெளிச்சம் போய்விட்டது.
தராசு சொன்ன கணக்கு: ஆயிரத்து நூற்று நாற்பது கிலோ.
கைதட்டினோம்.
கோர்ணெலிஸ் தட்டவில்லை,
வயலின் மறுகரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.
நாங்கள் போகாத பக்கம் அது.

செவ்வாய்க்கிழமை, ஸ்காபரோ,
தேவாலயத்தின் நிலக்கீழ் அறை.
படிவம் எழுதுவது என் வேலை.
பெயர். அஞ்சல் குறி. வீட்டில் எத்தனை பேர்.
உதவி தேவைப்படும் காரணம், ஒன்றில் குறியிடவும்:
வேலை இழப்பு. நோய். வாடகை. பிரிவு.
கடைசியில் ஒரு கட்டம், வேறு காரணம்.

ஆறு பொடியன்கள் வந்தார்கள், ஒரே முகவரி.
அந்தத் தெரு எனக்குத் தெரியும்,
அந்த நிலவறையின் ஒற்றை அடுப்பும் தெரியும்.
முதலாமவன், ஹர்கீரத், வீட்டில் ஒன்று என்றான்.
அடுத்தவனும் ஒன்று.
ஆறு ஒன்றுகள் வரிசையில் நின்றன.
குடும்பமாய் எழுதினால் பெரிய பை ஒன்று,
தனித்தனியாய் எழுதினால் சின்னப் பை ஆறு.
ஆறு சின்னன் ஒரு பெரிசைவிடப் பெரிசு.
அது அவர்களுக்கும் தெரியும்.
விதி என் மேசையில் ஒட்டியிருக்கிறது
சிவப்பெழுத்தில்.
அதன்மேல் என் தேநீர்க் கோப்பையை வைத்தேன்.

காரணம்?
கல்லூரிக் கட்டணத்துக்குக் கட்டம் இல்லை.
"வீட்டுக்குத் தெரியாது" என்றான் ஹர்கீரத்,
அது ஒரு காரணம் போல.
நான் கடைசிக் கட்டத்தில் குறியிட்டேன்,
ஆறு முறை.

பையைத் திறந்து பார்த்த கடைசிப் பொடியன்,
அதுவரை வாய் திறக்காதவன், கேட்டான்:
"இலை எங்கே?"
திருகி எறிந்துவிட்டோம் தம்பி,
பஸ்ஸில் இடம் காணாதென்று.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
சிந்தியதைப் பொறுக்கப் போன நாங்களும்
சிந்திவிட்டுத்தான் வந்திருக்கிறோம்.
திங்கள் உழவு முடிந்துவிட்டது,
இலையெல்லாம் இப்போது மண்ணுக்குள்.

வயலுக்குப் போகும் ஒவ்வொருவருக்கும்
ஒரு பை உரிமை.
நானும் என் பையைக் கொண்டுவந்திருந்தேன்,
நாலு நாளாய் அதுதான் கறி.
எனக்குப் படிவம் இல்லை,
எந்தக் கட்டம் என்று யாரும் கேட்பதில்லை.
இரவு வேலைக்குப் போகமுதல்
கடைசி நாலைந்தைக் கழுவினேன்.
தொட்டித் தண்ணீர் கறுத்துக்கொண்டே இருந்தது.
மூன்று கால்காரனும் அதில் ஒருவன்.
நடுக்காலிலிருந்து வெட்டத் தொடங்கினேன்.